சி.எம்.வி.யும் சேர்ந்து ஏறியது: ஒரு மூளைப் புரத ப்ரொமோட்டரை அளந்த பதிவு

ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்தைச் செல்லில் விட்டால், பி.டி.என்.எஃப். என்ற மூளைப் புரதத்தின் மரபணுவில் நாலாவது ப்ரொமோட்டரின் (மரபணுவுக்கு முன்னால் இருந்து அதை ஓட வைக்கும் டி.என்.ஏ. துண்டு) வேகம் சுமார் மூன்று மடங்கு ஏறுகிறது. நம்பி வெளியே சொல்லக்கூடிய இந்த எண் எங்கள் ஆய்வகத்தில் இப்போதுதான் கிடைத்தது. உலகத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறினால் க்ரெப் என்ற புரதம் வழியாக இந்த ப்ரொமோட்டர் முடுக்கப்படுகிறது என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கோவைப் புறநகரில், பழைய லூமினோமீட்டர் (வெளிச்சம் அளக்கும் மிஷின்) ஒன்றையும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பட்ஜெட்டையும் வைத்துக்கொண்டு அதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு, ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் எழுதாத சில விஷயங்கள் தேவைப்படும். அதற்காகத்தான் இது.

பி.டி.என்.எஃப். பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், தங்களுக்குள் இருக்கும் இணைப்புகளை மாற்றிக்கொள்ளவும் இது வேண்டும். சுண்டெலியில் இந்த மரபணுவுக்கு ஒன்பது எக்ஸான்கள், அதாவது ஆர்.என்.ஏ.வில் கடைசி வரை தங்கும் துண்டுகள். புரதத்துக்கான குறியீடு கடைசி எக்ஸானில்தான் இருக்கிறது. முன்னால் இருக்கும் எட்டுக்கும் தனித்தனி ப்ரொமோட்டர். எந்த ப்ரொமோட்டர் ஓடினாலும் அதன் எக்ஸான் போய்க் கடைசி எக்ஸானோடு ஒட்டிக்கொள்ளும். வருவது அதே புரதம். ஒரே கிணற்றில் எட்டு மோட்டார் இறக்கி ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டார்ட்டர் வைத்த மாதிரி. தண்ணீர் ஒன்றுதான், எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்பதில்தான் சமாச்சாரம். நாலாவது ப்ரொமோட்டர், நரம்பணு தூண்டப்படும்போது ஓடுவது. அதனால்தான் எல்லோரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள், நாங்களும்.

அளக்கும் முறை எளிது. ப்ரொமோட்டர் துண்டை எடுத்து, மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, அந்த ப்ளாஸ்மிட்டை (வட்டமான சிறு டி.என்.ஏ.) செல்லுக்குள் விட வேண்டும். ப்ரொமோட்டர் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு லூசிஃபெரேஸ் உண்டாகும். செல்லை உடைத்து லூசிஃபெரினும் ஏ.டி.பி.யும் சேர்த்தால் அவ்வளவு வெளிச்சம் வரும். வெளிச்சத்தை எண்ணாக்கித் தருவது லூமினோமீட்டர்.

செல்லுக்கு நியூரோ-2ஏ எடுத்தோம். சுண்டெலியின் நரம்புக் கட்டியிலிருந்து வந்த செல் வரிசை. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தது. வளர்ப்பது சுலபம், ப்ளாஸ்மிட்டையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். பி.சி.ஆருக்கு (ஒரு டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) வேண்டிய டி.என்.ஏ.வையும் இதே செல்லிலிருந்து எடுத்துவிட்டோம். துண்டின் நீளம் சுமார் 500 எழுத்து. இன்னும் நீளமாக எடுத்தால் நல்லது என்று எனக்கு முதலில் ஆசை இருந்தது. எங்கள் ஆய்வகத்து மேடம் ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார்: "நீளம் எதுக்கும்மா? விஷயம் எல்லாம் நூறு எழுத்துக்குள்ள இருக்கு." உண்மைதான். படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்கு மேலே நூறு எழுத்துக்குள்ளேயே, கால்சியத்துக்குப் பதில் சொல்லும் மூன்று இடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன: கார்ஃப் என்ற புரதம் உட்காரும் இடம், யு.எஸ்.எஃப். உட்காரும் இடம், அதற்கும் கீழே க்ரெப் உட்காரும் சி.ஆர்.இ. பாடப்புத்தக சி.ஆர்.இ. என்றால் டி-ஜி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ. இங்கே இருப்பதில் இரண்டாவது எழுத்து மட்டும் ஜி-க்குப் பதில் சி. அந்த ஒரு எழுத்து மாறியும் க்ரெப் வந்து உட்காருகிறது.

துண்டைப் பெருக்க அதன் இரண்டு நுனிக்கும் ப்ரைமர் என்ற சிறு டி.என்.ஏ. வேண்டும். முன் ப்ரைமரின் வாலில் கேபிஎன்-1 வெட்டிடம் (அந்தப் பெயருள்ள என்ஸைம் வெட்டும் வரிசை), பின் ப்ரைமரில் எக்ஸ்ஹோ-1. துண்டுக்குள் அதே வெட்டிடங்கள் இருக்கின்றனவா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிடத்துக்கு வெளியே இன்னும் ஆறு எழுத்து சேர்த்தே எழுதினோம். நுனியிலேயே வெட்டிடம் இருந்தால் என்ஸைம் சரியாகப் பிடிக்காது, கேபிஎன்-1 இதில் ரொம்ப மோசம். ஒரு எழுத்து 15 ரூபாய்க்குப் பக்கமாக விழுந்தது. ஆறு எழுத்தை மிச்சம் பிடிக்கப் போனால் என்ஸைமும் டி.என்.ஏ.வை ஒட்டும் லைகேஸும் வீணாகும், கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பி.சி.ஆரில் 56-இலிருந்து 64 டிகிரி வரை க்ரேடியன்ட் போட்டுப் பார்த்து 62-இல் ஒற்றைப் பட்டை வந்தது. வெக்டர், அதாவது துண்டைச் சுமக்கும் ப்ளாஸ்மிட், பி.ஜி.எல்.4.10, 4,242 எழுத்து நீளம். பழைய பி.ஜி.எல்.3 எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் முதுகெலும்பில் (ஒட்டிய துண்டு போக மீதி டி.என்.ஏ.வில்) தற்செயலாக அமைந்த புரதப் பிடியிடங்கள் அதிகம், நாலாம் தலைமுறையில் அவற்றில் நிறைய நீக்கியிருக்கிறார்கள். சி.ஆர்.இ. பற்றிப் பேசும்போது இது முக்கியம், பணம் கொடுத்தே வாங்கினோம். ஒட்டுவது, பாக்டீரியாவில் ஏற்றுவது, காலனி பார்ப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். வரிசை வாசித்து உறுதி செய்துகொண்டோம்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். ஒப்பிடப் போகும் எல்லா ப்ளாஸ்மிட்டையும் ஒரே நாளில், ஒரே கிட்டில் தயார் செய்யுங்கள். போன வருஷத்து ஃப்ரீசர் ப்ளாஸ்மிட்டையும் இன்றைக்கு எடுத்ததையும் பக்கத்தில் வைத்து அளந்தால், நீங்கள் அளப்பது ப்ரொமோட்டரை அல்ல, ப்ளாஸ்மிட்டின் தரத்தை.

இனி லூமினோமீட்டர். ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் வைக்கக்கூடிய பழைய மாடல், இன்னொரு துறையில் ஓரம் கட்டியிருந்ததைக் கேட்டு வாங்கினோம். தானாக ரீஏஜென்ட் செலுத்தும் வசதி கிடையாது. முதலில் குழாயே வைக்காமல் மூடி வாசித்துப் பார்த்தேன். 4,000-க்கு மேல் காட்டியது. ப்ரொமோட்டர் இல்லாத வெற்று வெக்டர் சில நூறுகளில்தான் வர வேண்டும், அதற்கே இந்த மிஷின் போதாது. வெளிச்சத்தை உணரும் ஃபோட்டோ மல்டிப்ளையர் போய்விட்டது, புதிது வாங்கினால் லட்சக் கணக்கு என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் ஜெனரேட்டரில் மிஷின் மட்டும் ஓடியது, அறை விளக்கு எரியவில்லை. எண் 200-க்கு வந்துவிட்டது! மல்டிப்ளையருக்கு ஒன்றும் இல்லை. மூடி வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது.

மூடியைக் கழற்றினால் விளிம்புப் பள்ளத்தில் இருந்த கறுப்பு நுரை ரப்பர் தொட்டதும் உதிர்ந்தது. கறுப்புத் துணி போட்டு மூடியதில் 900 வரை இறங்கியது, ஆனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் துணியை எடுத்து எடுத்துப் போட முடியாது. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன்: பள்ளத்தின் விட்டம் 62 மில்லிமீட்டர், அகலம் 3. இந்த ஊரில் இந்த அளவுக்கு ஒரு பொருள் வேண்டும் என்றால் எங்கே போவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணபதியில் பம்ப் ஸ்பேர் கடை.

"ஏனுங் அம்மணி, எத்தனை ஹெச்.பி. மோட்டாருங்க?"

"மோட்டார் இல்லீங்ணா, வெளிச்சம் அளக்குற மிஷினு. மூடில வெளிச்சம் கசியுது."

"தண்ணி கசியறதுக்குத்தானுங் நாங்க வாசர் தர்றது. வெளிச்சத்துக்குமா?"

சிரித்துக்கொண்டே முதலில் எடுத்துக் கொடுத்தது சிவப்பு சிலிக்கான் ஓ-ரிங். சிலிக்கான் நன்றாக அழுந்தும், ஆனால் வெளிச்சத்தை ஓரளவு விட்டுவிடும். கறுப்பு நைட்ரைல் ரப்பரில் 3 மில்லிமீட்டர் தடிமன் கேட்டு வாங்கினேன். 35 ரூபாய். பள்ளத்தில் வைத்து மூடி இரண்டு ஸ்க்ரூவை இறுக்கியதும் பகலிலும் ராத்திரியிலும் 150-க்கும் 180-க்கும் நடுவில் நின்றது. இன்று வரை அந்த ஓ-ரிங்தான்.

அளவைக் கெடுக்கும் இன்னொன்றும் இதே இடத்தில் தெரிந்தது. குழாய்களை ட்யூப்லைட் அடியில் வைத்திருந்து உடனே மிஷினில் போட்டால் பிளாஸ்டிக்கே சிறிது நேரம் ஒளிர்கிறது. அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் மூடிய பெட்டியில் வைத்தால் போய்விடும்.

அடுத்தது தூண்டுதல். நிஜ நரம்பணுவில் இந்த ப்ரொமோட்டரைத் தூண்ட பொட்டாசியம் குளோரைடு விடுவார்கள். சவ்வின் மின்னழுத்தம் மாறி கால்சியம் உள்ளே வரும். நியூரோ-2ஏ-யில் விட்டுப் பார்த்தோம், எண் அசையவே இல்லை. பிரித்து வளர்த்த நரம்பணுக்கள் எங்களிடம் கிடையாது, அதற்கு விலங்குக் கூடமும் அனுமதியும் வேண்டும். அதனால் ஃபோர்ஸ்கோலின். இது அடினைலேட் சைக்ளேஸ் என்ற என்ஸைமை நேரடியாக முடுக்கி, செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றும், அது பி.கே.ஏ. என்ற இன்னொரு என்ஸைமை எழுப்பும், பி.கே.ஏ. போய் க்ரெப்பில் பாஸ்பேட்டை ஏற்றும். கால்சியம் வழி அல்ல, ஆனால் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதே சி.ஆர்.இ.

இந்த ஃபோர்ஸ்கோலின் எங்கிருந்து வருகிறது என்று பாட்டிலில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கோலியஸ். மருந்துக் கூர்க்கன்! சேலம், நாமக்கல் பக்கம் ஒப்பந்தத்துக்குப் பயிர் செய்கிறார்களே, அதே செடி. தண்டை வெட்டி நட்டு, ஆறு மாசம் போல வைத்திருந்து, வேரைத் தோண்டி, நறுக்கிக் காயவைத்துக் கொடுப்பார்கள். வேர்முடிச்சுப் புழு வந்தால் போச்சு என்று என் மாமா ஒவ்வொரு போகமும் புலம்புவார். அவரிடம் சொன்னதுமே, "கடையில எதுக்குக் கண்ணு காசு குடுத்து வாங்கற, நம்ம தோட்டத்துல மூட்டை மூட்டையாக் கெடக்குது" என்று ஒரு பை நிறைய உலர்ந்த வேரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார்.

மேடம் சிரித்தாலும் தடுக்கவில்லை. அரைத்து எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினேன். பழுப்பு நிறச் சாறு. உலர்ந்த வேரில் ஃபோர்ஸ்கோலின் பொதுவாக நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான், மீதி எல்லாம் அதன் பங்காளிகளும் நிறமிகளும். சாற்றைக் குறைவாக விட்டால் ஏறுகிற மாதிரி ஒரு சாயல் தெரிந்தது. கொஞ்சம் கூட்டினால் செல்கள் தட்டிலிருந்து பெயர்ந்து மிதந்தன. செல்லை உடைத்து எடுத்த திரவத்தில் நிறம் இருந்தால் லூசிஃபெரேஸ் வெளிச்சத்தையும் அது விழுங்கும். தூய்மைப்படுத்தக் குரோமட்டோகிராஃபி வேண்டும், அது தனி ப்ராஜெக்ட். மாமாவிடம், "நல்லாத்தான் வேலை செய்யுதுங் மாமா, ஆனா அளவு பிடிபடலை" என்று உண்மையையே சொன்னேன். மிச்ச வேர் இன்னும் அலமாரியில் இருக்கிறது, கதவைத் திறந்தால் வாசம் வருகிறது.

கடைச் சரக்கில் 10 மில்லிகிராம் குப்பி. மூலக்கூறு எடை 410.5, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை 2.44 மில்லிலிட்டர் விட்டால் 10 மில்லிமோலார் வரும். ஐம்பது ஐம்பது மைக்ரோலிட்டராகப் பிரித்து உறைய வைத்தோம், உருக்கி உருக்கி உறைய வைப்பது கூடாது. செல்லுக்கு விடும்போது ஆயிரத்தில் ஒன்று, அதாவது 10 மைக்ரோமோலார், ஆறு மணி நேரம். ஒப்பீட்டுக் கிணறுகளுக்கு (செல் வளர்க்கும் தட்டில் உள்ள சின்னக் குழிகளைத்தான் கிணறு என்கிறோம்) அதே அளவு வெறும் டி.எம்.எஸ்.ஓ.

24 கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு ஒரு லட்சம் செல், மறுநாள் ப்ளாஸ்மிட். லிப்பிட் வகை ரீஏஜென்ட்டுகள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பி.இ.ஐ. என்ற பாலிமரைத் தூளாக வாங்கி மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைத்து, பி.ஹெச். 7-க்குக் கொண்டுவந்து, வடிகட்டி வைத்தால் வருஷக் கணக்கில் ஓடும். டி.என்.ஏ. ஒரு பங்குக்கு பி.இ.ஐ. மூன்று பங்கு. கிணற்றுக்கு மொத்தம் 500 நானோகிராம் டி.என்.ஏ.

இங்கேதான் வேலை சிக்கியது. எல்லாக் கிணற்றிலும் ப்ளாஸ்மிட் ஒரே அளவு போய்ச் சேராது. அதைச் சரிசெய்ய ரெனில்லா என்ற கடல் உயிரியின் லூசிஃபெரேஸை இன்னொரு ப்ளாஸ்மிட்டில் சேர்த்து விடுவார்கள். மின்மினி எண்ணை ரெனில்லா எண்ணால் வகுத்தால் விகிதம். சீனியர் அண்ணா ஒருவரின் ஃப்ரிட்ஜில் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) ப்ரொமோட்டர் மாட்டிய ரெனில்லா ப்ளாஸ்மிட் இருந்தது. "நல்லாப் பளிச்சுனு வரும், எடுத்துக்கோ" என்றார். பளிச்சென்றுதான் வந்தது. விகிதம் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. டி.எம்.எஸ்.ஓ.வில் 0.105, ஃபோர்ஸ்கோலினில் 0.116. மருந்து பழசோ என்று புதுக் குப்பி உடைத்தோம். நேரத்தை மாற்றினோம். செல் எண்ணிக்கையை மாற்றினோம். துண்டு தலைகீழாக ஒட்டிவிட்டதோ என்றுகூட வரிசையைத் திரும்ப வாசித்தோம். விகிதம் அசையவில்லை. நியூரோ-2ஏ-யில் இது நடக்காது என்று எழுதி மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது.

மேடம்தான், "விகிதத்தை விடு, வகுக்கறதுக்கு முன்னாடி இருக்கற எண்ணை எடுத்துட்டு வாம்மா" என்றார். என் எக்ஸெல் தாளில் விகிதப் பத்தி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன், மூல எண்கள் வேறு தாளில். எடுத்து வைத்தால் இப்படி இருந்தது: மின்மினி 41,000-இலிருந்து 1,30,000. ரெனில்லா 3,90,000-இலிருந்து 11,20,000. இரண்டும் ஏறியிருக்கின்றன. எங்கள் ப்ரொமோட்டர் முதல் நாளிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் அதை வகுத்து வகுத்து அழித்துக்கொண்டிருந்தோம்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சி.எம்.வி. ப்ரொமோட்டரில் 19 எழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, அதற்குள்ளே இருப்பது சி.ஆர்.இ. அந்த வைரஸுக்கும் செல்லின் சைக்ளிக் ஏ.எம்.பி. செய்தி காதில் விழ வேண்டும்போலிருக்கிறது. க்ரெப்பை எழுப்பும் மருந்தை விட்டுவிட்டு, க்ரெப் உட்காரும் ப்ரொமோட்டரையே அளவுகோலாக வைத்திருக்கிறோம். "எப்போதும் ஒரே சீராக ஓடும் ப்ரொமோட்டர்" என்று வகுப்பில் சி.எம்.வி.யைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தத் தூண்டுதலும் இல்லாத வரைக்கும்தான் அந்தச் சீர் என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

ரெனில்லாவை ஹெர்பிஸ் வைரஸின் டி.கே. ப்ரொமோட்டர் மாட்டிய ப்ளாஸ்மிட்டுக்கு மாற்றினோம். பலவீனமானது, மந்தமாக ஓடும், அதுதான் வேண்டும். கிணற்றுக்கு 10 நானோகிராம் போதும். மொத்தத்தை 500-க்குக் கொண்டுவர வெறும் ப்ளூஸ்க்ரிப்ட் ப்ளாஸ்மிட்டால் நிரப்பினோம். டி.கே.யும் சில மருந்துகளுக்கு ஏறி இறங்கும் என்பதால் இந்த முறை முதலில் ரெனில்லா எண்ணைத் தனியாகப் பார்த்தேன்: 9,200, ஃபோர்ஸ்கோலினில் 10,100. இது பரவாயில்லை. மின்மினி 38,000-இலிருந்து 1,20,000. விகிதம் 4.1-இலிருந்து 11.9. சுமார் 2.9 மடங்கு. வெற்று வெக்டர் 600-ஐச் சுற்றியே இருந்தது, மருந்து விட்டும் ஏறவில்லை. ஓ-ரிங் மாற்றாமல் இருந்திருந்தால் இந்த 600 எங்கள் கண்ணுக்கே பட்டிருக்காது.

அளக்கும்போது கை வேலை சுத்தமாக இருக்க வேண்டும். கிணற்றுக்கு 100 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர், பதினைந்து நிமிஷம் ஆட்டி, அதில் 20 மைக்ரோலிட்டரைக் குழாயில் எடுப்போம். கிட் தாளில் ரீஏஜென்ட் 100 மைக்ரோலிட்டர் என்று போட்டிருக்கிறார்கள்; 50 விட்டாலும் விகிதம் மாறவில்லை, கிட் இரண்டு மடங்கு நாள் வந்தது. அந்தக் கிட்டே 40,000 ரூபாயைத் தாண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ரீஏஜென்ட்டை விட்டு, மூன்று தடவை ஏற்றி இறக்கி, மூடி, இரண்டு விநாடி கழித்துப் பத்து விநாடி வாசிப்பு. பிறகு ரெனில்லா ரீஏஜென்ட், அது மின்மினி வெளிச்சத்தை அணைத்துவிட்டு ரெனில்லாவை ஏற்றும். ஒரு தட்டை ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிக்க வேண்டும். ரீஏஜென்ட்டும் அறையும் 20-இலிருந்து 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கரண்ட் போய் ஏ.சி. நின்ற நாளில் கடைசி ஆறு குழாய்களின் எண் சரிந்துகொண்டே போனது, அந்தத் தட்டையே தூக்கிப் போட்டோம்.

ஏறுகிறது சரி, சி.ஆர்.இ.யால்தான் ஏறுகிறதா? அதற்கு அந்த இடத்தை மட்டும் கெடுக்க வேண்டும். எட்டு எழுத்தின் நடுவில் இருக்கும் சி-ஜி இரண்டையும் டி-ஏ ஆக மாற்றி, 32 எழுத்து நீளத்தில் எதிரெதிர் ப்ரைமர்கள் எழுதினோம். ப்ளாஸ்மிட் முழுவதையும் 18 சுற்று படியெடுத்து, டிபிஎன்-1 என்ஸைம் விட்டு ஒரு மணி நேரம். பாக்டீரியாவில் வளர்ந்த பழைய ப்ளாஸ்மிட்டில் மெத்தில் குறி (டி.என்.ஏ. எழுத்தின் மேல் ஒட்டும் சிறு வேதிக் குறி) இருக்கும். டிபிஎன்-1 அதை மட்டும் கண்டுபிடித்து வெட்டும், பி.சி.ஆரில் பிறந்த புதிதை விட்டுவிடும். வந்த காலனியை நேராகப் பயன்படுத்தவில்லை. முழு ப்ளாஸ்மிட்டும் பி.சி.ஆரில் படியெடுக்கப்பட்டிருப்பதால் லூசிஃபெரேஸுக்குள்ளேயே எங்காவது ஒரு எழுத்து மாறியிருக்கலாம். மாற்றிய 500 எழுத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புது வெக்டரில் ஒட்டி, அதன் பிறகுதான் வரிசை வாசிக்கக் கொடுத்தோம். வாசிப்பு ஒன்றுக்கு 400 ரூபாய் ஆனது.

கெடுத்த ப்ரொமோட்டரில் மின்மினி 21,000-இலிருந்து 29,000. விகிதத்தில் 2.3-இலிருந்து 3.0, அதாவது 1.3 மடங்குதான். கவனிக்க வேண்டியது ஏற்றம் போனது மட்டுமல்ல, மருந்து விடாத நிலையிலேயே அளவு பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. சி.ஆர்.இ. அவசரத்துக்கு மட்டும் உள்ள ஸ்விட்ச் இல்லை, சும்மா இருக்கும்போதும் அதில் ஏதோ உட்கார்ந்து வேலை செய்கிறது. மிச்சம் நிற்கும் 1.3-ஐ யு.எஸ்.எஃப். இடம் தருகிறதா, வெறும் கை நடுக்கமா என்பதை அந்த இடத்தையும் கெடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் அழகான முடிவாக இருந்திருக்கும். ஆனால் நியூரோ-2ஏ செல்லின் சொந்தக் குரோமோசோமில் இருக்கும் அதே நாலாம் ப்ரொமோட்டர் என்ன செய்கிறது என்றும் பார்த்தோம். எக்ஸான் நாலில் ஒரு ப்ரைமர், குறியீட்டு எக்ஸானில் ஒரு ப்ரைமர், ஆர்.என்.ஏ. எடுத்து ஆர்.டி.-பி.சி.ஆர். சி.டி. எண் (பெருக்கும்போது எத்தனையாவது சுற்றில் கண்ணுக்குத் தெரிகிறது என்பது; எண் கூடினால் ஆர்.என்.ஏ. குறைவு) 33-ஐச் சுற்றி, அதாவது இருந்தும் இல்லாத மாதிரி. ஃபோர்ஸ்கோலின் விட்டதும் அரைச் சுற்றுகூட நகரவில்லை. ஒரே வரிசை, ஒரே செல், ஒரே மருந்து. ப்ளாஸ்மிட்டில் மூன்று மடங்கு ஏறுகிறது, குரோமோசோமில் தூங்குகிறது.

ப்ளாஸ்மிட் வழியாகப் போன டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகள் விலங்குச் செல் போட்ட முறையில் இருக்காது, ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி டி.என்.ஏ. சுருண்டிருப்பதும் முழுசாக இருக்காது. குரோமோசோமில் நிலைமை வேறு. இந்த ப்ரொமோட்டரின் சி-ஜி எழுத்துகளில் மெத்தில் ஏறியிருந்தால் மெக்பி-2 என்ற புரதம் வந்து பிடித்துக்கொள்கிறது. நரம்பணு தூண்டப்பட்டால் அது விலகுகிறது என்று 2003-இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. மெக்பி-2 கெட்டால் வரும் நோய்தான் ரெட் சிண்ட்ரோம். தவிர சி.ஆர்.இ.யின் நடுவிலேயே ஒரு சி-ஜி இருக்கிறது, அதில் மெத்தில் ஏறினால் க்ரெப் உட்காருவதே கஷ்டம். எங்கள் செல்லில் நிஜமாகவே அங்கே மெத்தில் இருக்கிறதா என்று பைசல்ஃபைட் (மெத்தில் ஏறாத சி எழுத்தை மட்டும் மாற்றிவிடும் ரசாயனம்) போட்டு வாசித்தால் தெரியும். ப்ரைமர் எழுதியாயிற்று, ஆர்டர் போகவில்லை. ஆக, லூசிஃபெரேஸ் காட்டுவது இந்தத் துண்டால் எவ்வளவு முடியும் என்பதை. அது தன் இடத்தில் இருக்கும்போது எவ்வளவு செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். அண்ணாவுக்கு அதில் சம்மதம் இல்லை, "ரிவ்யூவருக்கு நாமே எடுத்துக் கொடுக்கணுமா" என்கிறார்.

அடுத்த முறை மாற்றப் போகிறவை. ப்ளாஸ்மிட்டிலேயே மெத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று சி-ஜி எழுத்துகளில் மெத்தில் போடும் எம்.எஸ்.எஸ்.எஸ்.-1 என்ஸைமுக்கு விலை கேட்டிருந்தோம். அதை அப்படியே விட்டால் ப்ரொமோட்டரில் மட்டுமல்ல, லூசிஃபெரேஸ் மரபணு முழுவதும் மெத்தில் ஏறும், எண் இறங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாது. முதுகெலும்பில் சி-ஜி-யே இல்லாத வெக்டர் இருக்கிறது, அதற்குத் துண்டை மாற்ற வேண்டும். ரெனில்லாவை டி.கே.யோடு நிறுத்தாமல், எந்தப் புது மருந்து விடுவதற்கு முன்னாலும் அதை மட்டும் தனியாக ஒரு தட்டு ஓட்டிவிடுவது. எக்ஸெல்லில் விகிதப் பத்தியை மூல எண்களுக்கு வலது பக்கம், கடைசியில் வைப்பது. ஆறு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு, நாலு, எட்டு என்று எடுக்க வேண்டும் என்றால் சாதாரண லூசிஃபெரேஸ் செல்லில் மணிக் கணக்கில் தங்கிவிடுகிறது, சீக்கிரம் சிதையும்படி வால் சேர்த்த வகையை வாங்க வேண்டும். யு.எஸ்.எஃப். இடத்தைக் கெடுக்கும் ப்ரைமர் நேற்றுத்தான் கூரியரில் வந்தது; முதலில் அதைக் கரைக்க வேண்டும்.